வாளியைத் தட்டிவிட்ட கை

மகன், கடித உறையைப் பிரித்ததும் தங்கச்சியின் கையெழுத்தைக் கண்டு, அவள்தான் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று நினைப்பாய். எழுத்து அவளுடையது. சொல்லிக்கொண்டிருப்பது நான். என் பெயரையும் சுவர் அளவுகளையும் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவன் உன் அப்பா என்பது உனக்குத் தெரியும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் உனக்கு எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். "ஓம் அப்பா" என்றாய். "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். கடைசியில் தங்கச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னேன். "நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதினா ஆக்கள் சிரிப்பினம் அப்பா. நான் புத்தகத்தில இருக்கிற மாதிரி எழுதிறன். ஆக்கள் கதைச்சதை மட்டும் அப்பிடியே விடுறன்" என்றாள். ஆட்கள் என்று அவள் சொன்னதற்குக் காரணம், இதில் இரண்டு பிரதி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்று வவுனியாவுக்கு, உனக்கு. மற்றது பாலையூற்றில் எங்கள் வாசிகசாலை மாதாமாதம் போடுகிற சிறு இதழுக்கு. உன்மேல் நான் பழி போட்டது ஊருக்கு முன்னால். அதை எடுப்பதையும் ஊருக்கு முன்னால்தான் செய்ய வேண்டும்.

போன கிழமை உன் மாமி வந்தாள். உனக்குக் கலியாணப் பேச்சுக்கால் பார்த்து, பெண்ணின் படத்தையும் போனில் அனுப்பியதாகச் சொன்னாள். நல்ல பிள்ளை, முன்பள்ளியில் படிப்பிக்கிறாளாம். நீ வேண்டாம் என்றுவிட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னதை மாமி அப்படியே சொன்னாள்: "தங்கச்சியின்ர கண்ணை அவிச்சவனுக்கு என்ன மாமி கலியாணம்? முதல்ல அவளுக்கு ஒரு வழி பிறக்கட்டும்." மாமி அதைக் குறையாகச் சொல்லவில்லை. "என்ன பொறுப்பான பெடியன் பாருங்கோ அண்ணா, இந்தக் காலத்தில ஆர் இப்பிடி நினைக்கினம்?" என்று பெருமையாகச் சொன்னாள். நான் தேத்தண்ணியைக் குடித்தபடி "ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மகன். குசினிக்குள் தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றுபோனது. மாமி போகும்வரை அது திரும்பத் தொடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையை நீயும் நானும் ஒருநாளும் சேர்ந்திருந்து கதைத்ததில்லை. ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன். உள்துறைமுகத்துப் பக்கம் அந்தப் பழைய களஞ்சியத்தின் மதிலுக்கு வெள்ளையடிக்கும் வேலை. மூதூர் வள்ளம் புறப்பட்டுப் போவது தெரிகிற இடம். பீப்பாவுக்குள் கற்சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் விட்டிருந்தோம். அது கொதித்துப் புகைந்துகொண்டிருந்தது. நீ நீளத் தடியால் கிண்டிக்கொண்டிருந்தாய். அம்மா போன பிறகு எங்கள் சாப்பாடு தங்கச்சியின் கையால்தானே? சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள். நீ அவளைக் கண்டதும் தொடங்கிவிட்டாய். "வாசம் வருது, ஆனா மீன் துண்டு வருமோ தெரியேல்லை. வழியில திண்டிட்டுத்தானே வாறனீ?" "உமக்கு முள்ளுத்தான். தலை அப்பாக்கு" என்று அவள் சொன்னாள். "முள்ளையாவது காட்டும் பாப்பம்" என்று நீ கேட்க, அவள் சிரித்துக்கொண்டு கரியரின் மூடியைத் திறந்து உன் பக்கம் நீட்டினாள். அந்த நேரம் பீப்பாவின் அடியில் கிடந்த ஒரு கட்டி வெடித்துச் சுண்ணாம்பு மேலே தெறித்தது. அவளுடைய இடது கண்ணிலும் கன்னத்திலும் பட்டது. கிண்டிய தடி உன் கையில் இருந்தது. அது உண்மை. ஆனால் நாற்பது வருஷம் நான் கிண்டியபோதும் தெறித்திருக்கிறது. என் கண்ணில் படாதது என் கெட்டித்தனம் அல்ல.

இனிச் சொல்லப்போவதை நீயும் பார்த்தாய். ஆனால் நீ அதை ஒரு பிழையாக நினைக்கவேயில்லை, ஏனென்றால் செய்தது அப்பா. நீ தடியை எறிந்துவிட்டுப் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். அவள் முகத்தில் ஊற்ற வாளியைச் சரித்தபோது நான் என் கையால் அதைத் தட்டிவிட்டேன். "தண்ணி ஊத்தாதை! சுண்ணாம்பு கொதிக்குமடா, கண் வெந்துபோம்!" என்று கத்தினேன். வாளி உருண்டுபோய்த் தண்ணீர் எல்லாம் மண்ணில் போனது. நான் வேலைக்கு முன் கையில் பூசுகிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, அவள் கண்ணை விரித்து எண்ணெயை விட்டேன். உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். சுண்ணாம்போடு வேலை செய்கிற எங்கள் எல்லாருக்கும் இது ஒரு பாடம்போல. சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், ஆகவே உடம்பில் பட்டால் எண்ணெய். எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நான் உனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தேன். அன்று நீ அதை மறந்துவிட்டாய். மறந்தபடியால் சரியாகச் செய்தாய். எண்ணெய் அந்தச் சுண்ணாம்பைக் கழுவவில்லை, கண்ணுக்குள்ளேயே வைத்துக் கட்டியது. ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, முக்கால் மணித்தியாலம், அவள் அழுதழுது அந்தக் கட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அங்கே தாதி கட்டை அவிழ்த்த உடனேயே கழுவத் தொடங்கினார். போத்தல் போத்தலாகக் கழுவினார்கள். இடையிடையே ஒரு சின்னக் கடதாசித் துண்டைக் கண்ணில் தொட்டு அதன் நிறத்தைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், திரும்பவும் கழுவுவார்கள். கீழ் இமையைப் புரட்டி, பல்லுக்குத்தும் குச்சிபோல ஒன்றால் வெள்ளை வெள்ளையாகத் துகள்களை எடுத்தார்கள். டொக்டர் என்னைப் பார்த்து, "பட்ட உடன தண்ணியால கழுவினீங்களா ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஓம் டொக்டர். உடனேயே. ரெண்டு வாளி" என்றேன். அவர் அதை அவளுடைய ஆசுபத்திரிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினார். அந்த நேரம் நீ இது ஒன்றும் கேட்காத தூரத்தில், வெளிவாசலில் நின்றாய். நான் வெளியே வந்து, அவ்வளவு சனத்துக்கும் முன்னால் உன்னைப் பிடித்துத் தள்ளி, "நீதானடா என்ர பிள்ளையைக் குருடாக்கினனீ!" என்று கத்தினேன். மூன்றாம் நாள் உடுப்புப் பையோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறினாய். இப்போது இரும்பு ஒட்டுவேலைக் கடையில் நிற்கிறாய் என்றும், கறுப்புக் கண்ணாடி போடாமல் ஒரு பொறியும் பறக்க விடமாட்டாய் என்றும், கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள் என்றும் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மாதத்துக்கு இரண்டு தரம் கண் கிளினிக். தங்கச்சி ஒரு இயந்திரத்தில் நாடியை வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டு இருப்பாள். செம்மஞ்சள் நுனியுள்ள ஒரு கடதாசியைக் கீழ் இமையில் தொடுவார்கள். பிறகு அறையை இருட்டாக்கி நீல வெளிச்சம் அடிப்பார்கள். கண்ணின் மேற்பரப்பில் தோல் உரிந்த இடமெல்லாம் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். புதுத் தோல் மூடிய இடம் மின்னாது. அதை அப்படியே படம் பிடித்துத் திரையில் போடுவார்கள். என் பிள்ளையின் கண் ஒரு சாப்பாட்டுத் தட்டளவில் திரையில் தெரிந்த முதல் நாள், பாதிக்கு மேல் பச்சை. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமையில் மேல் பக்கத்தில் பச்சை சுருங்கியது. அடுத்த மாதம் மேல் பாதி முழுக்க மூடிவிட்டது. டொக்டர் சந்தோஷப்பட்டார். ஆனால் கீழ்ப் பக்கம் மூடுவதும் திரும்பப் பிளப்பதுமாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் அதே பச்சை. போகப்போக மெல்லிய இரத்த நாளங்களும் அந்தப் பக்கத்தில் இருந்து கருவிழிக்குள் ஏறத் தொடங்கின.

டொக்டருக்கு அது விளங்கவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். உடனே கழுவியது என்று இருக்கிறது. அப்படியானால் பிழை வேறெங்கோ இருக்க வேண்டும். ஒருநாள் தங்கச்சியிடம் கேட்டார்: "மருந்தை ஒழுங்கா விடுறீங்களா?" அவள் "ஓம்" என்றாள். அவளுடைய குரல் உனக்குத் தெரியும்தானே, பக்கத்தில் இருப்பவருக்கே அரைவாசிதான் கேட்கும். "ஓம் எண்டு சொன்னாக் காணாது. படம் வேற சொல்லுது. கண்ணைக் கசக்கிறனீங்களா? பொம்பிளைப் பிள்ளை, உங்களுக்கே உங்கட கண்ணில அக்கறை இல்லையெண்டா நாங்கள் என்ன செய்யிறது?" என்று ஏசினார். மகன், அவள் மணிக்கு ஒரு தரம் போனில் மணி வைத்து மருந்து விட்டவள். எனக்கு அது தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த, கண் துடைக்கிற கைலேஞ்சியை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். நானும் டொக்டரோடு சேர்ந்து, "கவனமா விடவேணும் பிள்ளை" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் எதையாவது திருப்பி வாங்கலாம் என்றால் அந்த மூன்று சொற்களைத்தான் முதலில் வாங்குவேன். உன்னைத் தள்ளியது கோபத்தில். இது அப்படியல்ல. யோசித்துச் சொன்னது.

பத்தாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் காலத்தில்தான். கரும்பலகை தெரியவில்லை என்றாள். பெட்டைகள் பார்க்கிறார்கள் என்றாள். வகுப்பு ரீச்சர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கேட்டார். "கண் சுகமாகட்டும்" என்று நான்தான் அனுப்பிவிட்டேன். இதையும் எழுது என்று இப்போது அவளிடமே சொல்கிறேன்: அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன நடந்தது என்று யாரும் அவளிடம் கேட்கமாட்டார்கள் என எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது.

உனக்குப் பன்னிரண்டு வயதில், சந்தியில் அந்த ஓய்வூதியக்காரரின் வீட்டு மதில் கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அப்பா, மேல தொடுது, கீழ தொடேல்லை. மதில் சரியுது" என்றாய். வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடும் என்று உன் தலையில் ஒன்று போட்டேன். "ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது உனக்கு" என்றேன். அந்த மதில் இன்றும் சரிந்துதான் நிற்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் மண் பிழை என்று சொல்லிவைத்தேன். நீ அதற்குப் பிறகு எந்தச் சுவரையும் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. நாளைக்கு நீ ஒரு வீட்டுக்குத் தகப்பனாவாய். பிள்ளை பிழையைக் காட்டினால் முதலில் குண்டைப் பார், பிறகு பிள்ளையைப் பார். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான். இதையும் நான் செய்து காட்டிச் சொல்லவில்லை.

மாமி வந்துபோன பிறகு வந்த வியாழக்கிழமை கிளினிக். கொழும்பில் எடுத்த இன்னொரு படமும் அன்று வந்திருந்தது. வெட்டாமலே கண்ணின் வெட்டுமுகத்தைக் காட்டுகிற படம். டொக்டர் எல்லாப் படங்களையும் திரையில் வரிசையாகப் போட்டார். வெட்டுமுகத்தில் மேல் பக்கத்துத் தோல் நல்ல மேசன் வைத்த செங்கல் வரிசைபோல அடுக்காக இருந்தது. கீழ்ப் பக்கம் ஈரம் ஏறிய பூச்சுப்போலத் தடித்தும் மெலிந்தும் குழம்பிக் கிடந்தது. "ஐயா பிறந்த ஊர் எது?" என்று கேட்டார். "ஈச்சிலம்பற்று" என்றேன். "அப்ப வயல் தெரியும். கருவிழியும் வெள்ளையும் சேருற இந்த ஓரம்தான் நாத்துமேடை. புதுத் தோல் எல்லாம் இங்க இருந்துதான் முளைச்சு நடுவுக்குப் போறது. மேல இருக்கிற மேடை தப்பிட்டுது. கீழ இருக்கிற மேடை முழுக்க எரிஞ்சுபோச்சு. சுண்ணாம்புத் துகள் கீழ் இமைக்குள்ள இறங்கிக் கன நேரம் அதில இருந்த மாதிரி இருக்கு. ஆனா நீங்கள் உடன கழுவினனீங்கள் எண்டு எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தங்கச்சி கைலேஞ்சியை எடுத்தாள். அவள் அதை மடிக்கத் தொடங்கமுன் நான் சொல்லிவிட்டேன். "கழுவேல்லை டொக்டர். மகன் தண்ணி கொண்டு வந்தவன். நான் தட்டிவிட்டனான். எண்ணெய் விட்டுக் கட்டினனான். பிள்ளையும் மருந்து ஒழுங்காத்தான் விட்டவள்."

அவர் கொப்பியை இழுத்தார். முதல் பக்கத்தில் அந்த வரியை வெட்டி மேலே புதிதாக எழுதினார். பிறகு கதிரையைத் திருப்பி, என்னை விட்டுவிட்டுத் தங்கச்சியிடம் கதைத்தார். "நான் உங்களை ஏசினது பிழை, தங்கச்சி" என்றார். அவ்வளவு படித்தவருக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷமாக எனக்கு வராத சொல். "அப்ப கழுவியிருந்தா?" என்று நான் கேட்டேன். "மேல் பாதியைப் பாருங்கோ" என்றார். "தெறிச்சது ரெண்டு பக்கமும்தான். கழுவியிருந்தா முழுக்க மேல் பாதி மாதிரி ஆறியிருக்கும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. ஆனா மேடையில கொஞ்சமாவது தப்பியிருக்கும்."

இந்தக் கடிதத்தோடு இரண்டு படம் வைத்திருக்கிறேன். கேட்டு வாங்கினேன். ஒன்று முதல் நாள் எடுத்தது, மற்றது போன வியாழக்கிழமை எடுத்தது. கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தால் பச்சையை மட்டும் பார். முதல் படத்தில் மேலேயும் கீழேயும் பச்சை. இரண்டாவதில் மேலே ஒன்றும் இல்லை. தெறித்தது ஆறிவிட்டது, மகன். நீ கிண்டியதால் வந்தது என்று நீ சுமந்துகொண்டு திரிகிற அந்தப் பாதி எப்போதோ ஆறிவிட்டது. ஆறாமல் கிடப்பது கீழே, நான் எண்ணெய் விட்டுக் கட்டிவைத்த பாதி. அது என்னுடையது. அதற்காக நீ கலியாணம் செய்யாமல் இருக்கத் தேவையில்லை. வேலையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே, அது வேறு. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும், சுண்ணாம்பும் சீமெந்தும் தொடுகிற எவருக்கும் சொல்: கண்ணில் பட்டால் தண்ணீர்தான், நிறையத் தண்ணீர், அந்த நிமிஷமே.

அடுத்த மாதம் கொழும்பில் தங்கச்சிக்கு ஒரு சத்திரசிகிச்சை. நல்ல கண்ணின் ஓரத்தில் இருந்து நகத்துண்டளவு எடுத்து, எரிந்துபோன மேடையில் நடுவார்களாம். நல்ல கண்ணைத் தொடுவதா என்று டொக்டரிடம் இரண்டு தரம் கேட்டேன். "அப்பா, நாத்து இருக்கிற மேடையில இருந்துதானே எடுக்க ஏலும்?" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பிடித்தால் பார்வை கொஞ்சம் தெளியும். பிடிக்காமலும் போகலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். நீ வந்து அவளோடு போனால் நல்லது. என்னைப் பார்க்கவேண்டாம் என்றால் நான் வீட்டில் நிற்கிறேன்.

இதோடு முடித்துவிடலாம் என்று, "தங்கச்சி என்னை மன்னிச்சிட்டாள் எண்டும் எழுது பிள்ளை" என்றேன். பேனை நின்றது. "அதை நீங்கள் சொல்லி நான் எழுத ஏலாது அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் வழக்கமாகக் கதைக்கிற அதே சின்னக் குரல்தான். "அப்ப என்ன எழுதப்போறாய்?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "வாளியை அண்ணா கொண்டு வந்ததை இன்னொருக்கா எழுதுவம். அவருக்கு அது மறந்திருக்கும். கையில தடி இருந்ததை மட்டும்தான் நினைச்சுக்கொண்டிருப்பார்."

எழுது பிள்ளை என்றேன். தடி உன் கையில் இருந்தது, மகன். அதை எறிந்துவிட்டு, எல்லாருக்கும் முந்தித் தண்ணீரோடு ஓடி வந்தவன் நீ. தட்டிவிட்டவன் நான்.

அப்பா